சிங்கப்பூரிலிருந்து திருச்சி திரும்புகிறோம்: ஜிஎஸ்டி ரீஃபண்ட், நகை, பெட்டி எடை. கடைசி நாளில் எதை எப்போது செய்வது?

தஞ்சைக்காரன்

வணக்கம். நாங்கள் ஐந்து பேர்: நான், மனைவி, மாமியார், 6 வயதிலும் 9 வயதிலும் இரண்டு பிள்ளைகள். கோலாலம்பூரில் மூன்று நாள் இருந்துவிட்டு பஸ்ஸில் சிங்கப்பூர் வந்தோம். லிட்டில் இந்தியா பக்கம் தங்கியிருக்கிறோம். திரும்பும் டிக்கெட்டில் 16-ம் தேதி 00:45, திருச்சிக்கு என்று இருக்கிறது. ஹோட்டலில் 12 மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும்.

மனைவி மூன்று பவுனில் ஒரு சங்கிலி பார்த்திருக்கிறார். எனக்கு 43 அங்குல டிவி ஒன்றின் மேல் கண். மற்றபடி சாக்லேட், கோடாலித் தைலம், கயா ஜாம் (தேங்காய்ப்பால், முட்டை சேர்த்த ஜாம்), பிள்ளைகளுக்குப் பொம்மை, ஒரு 30,000 எம்ஏஎச் பவர் பேங்க்.

பொருள் வாங்கும்போது கட்டிய வரியைத் திருப்பித் தரும் ஜிஎஸ்டி ரீஃபண்ட் எங்கே, எப்போது வாங்குவது? கோலாலம்பூரில் வாங்கிய துணிக்கும் கிடைக்குமா? எதைப் பெட்டியில் போடுவது, எதைக் கையில் வைப்பது? திருச்சியில் சுங்கத்தில் என்ன சொல்ல வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செராங்கூன் வாசி

முதலில் தேதி. 16-ம் தேதி 00:45 என்றால் நீங்கள் விமான நிலையத்தில் இருக்க வேண்டியது 15-ம் தேதி இரவு. 16-ம் தேதி இரவு என்று நினைத்து விமானத்தை விட்டவர்கள் ஏராளம். அறையையும் 15-ம் தேதி நண்பகலோடு முடித்துக்கொள்ளுங்கள். பெட்டிகளை ஹோட்டல் வரவேற்பில் மாலை வரை வைத்துக்கொள்வார்கள், முன்கூட்டியே ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

இனி ரீஃபண்ட். இது கடையிலேயே தொடங்குகிறது, விமான நிலையத்தில் அல்ல. பணம் கட்டும்போதே பாஸ்போர்ட்டைக் காட்டி, ரீஃபண்ட் வேண்டும் என்று சொல்ல வேண்டும். கடைக்காரர் உங்கள் பாஸ்போர்ட் எண்ணில் பதிந்துகொள்வார். பிறகு சாங்கி விமான நிலையத்துக்கு வெறும் பில்லோடு போய் நின்றால் ஒன்றும் நடக்காது. குறைந்தது 100 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) வாங்கியிருக்க வேண்டும், வரியும் அதில் அடக்கம். ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய மூன்று பில் வரை சேர்த்து அந்த 100-ஐக் காட்டலாம். நள்ளிரவு தாண்டியும் திறந்திருக்கும் கடை என்றால் கவனம், 12 மணிக்கு மேல் போட்ட பில் அடுத்த நாள் கணக்கு.

ஆளுக்கு ஆள் சேர்க்க முடியாது. உங்கள் பெயரில் 60, மனைவி பெயரில் 60 என்றால் இருவருக்கும் கிடைக்காது. அதனால் ஒரு கடையில் வாங்குவதை எல்லாம் ஒரே பாஸ்போர்ட்டில் போடுங்கள். யார் பாஸ்போர்ட்டோ அவரேதான் விமான நிலைய ரீஃபண்ட் இயந்திரத்தின் முன் நிற்க வேண்டும். அவருக்கு 16 வயதாவது ஆகியிருக்க வேண்டும். வாங்கிய இரண்டு மாதத்துக்குள் வெளியேற வேண்டும்.

எவ்வளவு வரும்? 2024 ஜனவரியிலிருந்து வரி 9 விழுக்காடு. ஆனால் விலையில் 9 விழுக்காடு என்று கணக்குப் போடாதீர்கள், வரி சேர்ந்த விலையை 109-ஆல் வகுத்து 9-ஆல் பெருக்க வேண்டும். 545 வெள்ளிக்கு வாங்கினால் வரி 45 வெள்ளி. அதிலும் ரீஃபண்ட் நிறுவனம் தன் கட்டணத்தைக் கழித்துக்கொண்டுதான் தரும். ஹோட்டல் பில், சாப்பாடு, இங்கேயே தின்று தீர்த்த பண்டம் எதற்கும் கிடையாது.

கோலாலம்பூர்த் துணிக்கு இங்கே ஒன்றும் இல்லை. அங்கேயும் இல்லை, மலேசியா 2018-லேயே ஜிஎஸ்டியை எடுத்துவிட்டது.

இந்த இழையைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று: சாங்கி, செலத்தார் விமான நிலையங்கள் வழியாக வெளியேறினால்தான் இந்த ரீஃபண்ட். சிங்கப்பூர் பார்த்துவிட்டு தரைவழியாக, உட்லண்ட்ஸ் எல்லையைத் தாண்டி மலேசியாவின் ஜோகூர் போய், கோலாலம்பூரில் விமானம் ஏறுகிறவர்களுக்குக் கிடையாது. தஞ்சைக்காரன் சார் மலேசியாவை முதலில் முடித்தது நல்லதாகப் போயிற்று.

விமான நிலையத்தில் வரிசை இதுதான். பெட்டியில் போகும் பொருள் என்றால், பெட்டியைக் கவுண்டரில் கொடுப்பதற்கு முன், செக்-இன் கூடத்தில் உள்ள ஜிஎஸ்டி ரீஃபண்ட் இயந்திரத்துக்குப் போங்கள். பாஸ்போர்ட்டை வைத்தால் உங்கள் பெயரில் பதிந்த பில்கள் திரையில் வரும். சரிபார்த்து, கார்டா ரொக்கமா என்று தேர்ந்தெடுத்தால் ஒரு சீட்டு வரும். பொருளைப் பார்க்க வேண்டும் என்று அதில் வந்தால் பக்கத்திலேயே சுங்கக் கவுண்டர் இருக்கும், பொருளோடு போய்க் காட்ட வேண்டும். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பெட்டி அதற்குள் பெல்ட்டில் போயிருக்கும், அல்லது கேட்ட பொருள் ஆறு புடவைக்கு அடியில் இருக்கும். ரீஃபண்ட் பொருள்களை ஒரே துணிப்பையில் கட்டி, ஜிப்பைத் திறந்தவுடன் கைக்கு எட்டும்படி மேலே வையுங்கள். காட்டிய பிறகு அடியில் திணித்துக்கொள்ளலாம்.

கையில் கொண்டுபோகும் பொருளுக்கு, சங்கிலி அப்படித்தான், இமிகிரேஷன் தாண்டி உள்ளே இருக்கும் இயந்திரத்தில் செய்ய வேண்டும். ரொக்கம் கேட்டிருந்தால் அதைத் தரும் கவுண்டரும் உள்ளேதான். ஒப்புதல் கிடைத்த 12 மணி நேரத்துக்குள் பொருளோடு வெளியேற வேண்டும் என்பதால் காலையிலேயே போய் இயந்திரத்தை அழுத்திவிட்டு ஊர் சுற்ற வேண்டாம்.

எடைக்கல்

பெட்டி விஷயம் நான் சொல்கிறேன்.

பவர் பேங்க் ஒருபோதும் செக்-இன் பெட்டியில் போகக் கூடாது. உள்ளே தீப்பிடித்தால் யாருக்கும் தெரியாது, கேபினில் என்றால் உடனே அணைக்கலாம். காரணம் அவ்வளவுதான், அதனால் இதில் யாரும் சலுகை காட்டமாட்டார்கள். கணக்கு: எம்ஏஎச்சை 3.7-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் வாட்-அவர் (பேட்டரியின் ஆற்றல் அளவு) வரும். 20,000 என்றால் 74. நீங்கள் சொல்லும் 30,000 என்றால் 111. நூறு வரை கேள்வியில்லை, நூறிலிருந்து 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அதற்கு மேல் கிடையவே கிடையாது. அதனால் 30,000-ஐ விட்டுவிட்டு 20,000 வாங்குங்கள். மேலே அச்சிட்ட எழுத்து அழிந்துபோன பழைய பவர் பேங்க் இருந்தால் அதுவும் சோதனையில் நிற்கும், அளவு தெரியாததை ஏற்கமாட்டார்கள். விமானத்துக்குள் அதில் சார்ஜ் போடுவதைப் பல நிறுவனங்கள் இப்போது தடுக்கின்றன. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டது. போனை ஏறுவதற்கு முன்பே நிரப்பிக்கொள்ளுங்கள்.

கயா ஜாம் பார்க்கக் கெட்டியாக இருந்தாலும் சோதனையில் அது திரவக் கணக்கு. 100 மில்லிக்கு மேற்பட்ட பாட்டில் கைப்பையில் இருந்தால் அங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். பெட்டியில் போடுங்கள். கோடாலித் தைலத்தின் பெரிய பாட்டில் 56 மில்லி, அது கையில் போகலாம். ஆனால் ஒருவருக்கு ஒரு லிட்டர் ஜிப் பைக்குள் எவ்வளவு அடங்குமோ அவ்வளவுதான். ஊருக்கெல்லாம் கொடுக்க இரண்டு டஜன் வாங்கினால் பெட்டிதான் வழி. தைலம் ஒழுகினால் பெட்டி முழுக்க வாடை, பட்டுப்புடவையில் கறை. மூடியை இறுக்கி, மூடியும் கழுத்தும் சேரும் இடத்தில் செல்லோ டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றி, ஆறாறாக ஜிப் கவரில் போட்டு, கவரை நிமிர்த்தி ஒரு ஷூவுக்குள் செருகி வையுங்கள். ஷூ நசுங்காது, பாட்டிலும் உடையாது.

சாக்லேட் விமானத்தின் வயிற்றில் உருகுவதில்லை. திருச்சியில் இறங்கிய பிறகு கார் டிக்கியில்தான் உருகும். துணிகளுக்கு நடுவில் வையுங்கள், வீட்டுக்குப் போனதும் முதலில் அந்தப் பெட்டியைத் திறங்கள்.

நிஜத் துப்பாக்கி மாதிரி இருக்கும் பொம்மை கைப்பையில் கூடாது. பேட்டரி போட்ட பொம்மையில் சுவிட்ச் தானாக ஆன் ஆகாதபடி பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.

எடை: கொக்கி மாட்டித் தூக்கும் சின்னத் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள். பெட்டியின் சொந்த எடையே நான்கு கிலோ வரை வரும் என்பதை மறந்து பொருளை மட்டும் கூட்டுகிறார்கள். எல்லாரும் ஒரே பிஎன்ஆர் (டிக்கெட் பதிவு எண்) என்றால் ஒன்றாகவே கவுண்டருக்குப் போங்கள், பெரும்பாலும் மொத்த எடையாகப் பார்ப்பார்கள். ஆனாலும் ஒரு தனிப் பெட்டி 32 கிலோவைத் தாண்டக் கூடாது, தூக்குகிற தொழிலாளியின் முதுகுக்காக வைத்த வரம்பு அது. கூடுதல் எடை வேண்டுமென்றால் முந்தின நாளே இணையத்தில் வாங்குங்கள், கவுண்டரில் கிலோ கணக்கில் கட்டுவது மிகவும் அதிகம். கைப்பை சில நிறுவனத்தில் 7 கிலோ, சிலதில் 10. டிக்கெட்டில் பாருங்கள்.

சிவப்பு வழி

சுங்கம் பற்றி மட்டும்.

டிவி வேண்டாம் சார். தட்டைத் திரை டிவி 2013 ஆகஸ்டிலிருந்து, வரியில்லாமல் கொண்டுவரும் இலவச வரம்புக்குள் வருவதில்லை, அதன் முழு மதிப்புக்கும் வரி. பெல்ட்டில் ஏறும்போது திரை உடையும் அபாயம் வேறு. ஊரிலேயே வாங்கினால் வாரண்டியாவது மிஞ்சும்.

சங்கிலி: வரியில்லாமல் நகை கொண்டுவரும் சலுகை, பெண்ணுக்கு 40 கிராம், ஆணுக்கு 20 கிராம் என்று எல்லாரும் சொல்வது, ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வசித்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு. ஒரு வாரச் சுற்றுலாவுக்குப் பொருந்தாது. மூன்று பவுன் என்றால் 24 கிராம். கழுத்தில் போட்டுக்கொண்டு வந்தால் கேட்கமாட்டார்கள் என்று கடைக்காரரே சொல்வார், நம்பாதீர்கள். சிங்கப்பூர் வரியைத் திருப்பித் தருவது ஒரு கணக்கு, இந்தியா வரி கேட்பது வேறு கணக்கு. வாங்கினால் பில்லோடு, வரி கட்ட வேண்டிய பொருள் உள்ளவர்களுக்கான சிவப்பு வழியில் போய்ச் சொல்லி, கேட்கும் வரியைக் கட்டுங்கள். சொல்லிக் கட்டினால் வரியோடு முடியும். சொல்ல ஒன்றுமில்லை என்பவர்களுக்கான பச்சை வழியில் போய்ப் பிடிபட்டால் பறிமுதல், அபராதம், வழக்கு வரை போகும். இரண்டு வரியையும் கூட்டிப் பார்த்து, தஞ்சாவூர் நகைக் கடை விலையோடு ஒப்பிட்டுவிட்டு முடிவெடுங்கள்.

மாமியார் ஊரிலிருந்து போட்டுவந்த நகைக்குப் புறப்படும்போதே விமான நிலையச் சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கியிருந்தால் நல்லது. வாங்கவில்லையென்றால் பழைய பில்லையோ, பயணத்துக்கு முன் எடுத்த, நகை தெரியும் புகைப்படத்தையோ போனில் தயாராக வையுங்கள்.

மற்றப் பொருள்களுக்கு, பயணிகள் வரியில்லாமல் கொண்டுவரலாம் என்ற 2016 விதியின் 50,000 ரூபாயை மனதில் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். இப்போது நடப்பில் உள்ள தொகையைச் சுங்கத் துறையின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். தொகை எதுவானாலும் அது ஆளுக்குத் தனித்தனி, இரண்டு பேர் வரம்பைச் சேர்த்து ஒரு விலையுயர்ந்த பொருளுக்குக் காட்ட முடியாது. மது ஒருவருக்கு 2 லிட்டர், சிகரெட் 100. ஆர்க்கிட் செடி, விதை எதையும் சான்றில்லாமல் எடுத்துவராதீர்கள், தாவரத் தொற்றுத் தடுப்பில் நிறுத்துவார்கள்.

தஞ்சைக்காரன்

மிக்க நன்றி. டிவியை விட்டாயிற்று, சங்கிலியையும் ஊரில் பார்த்துக்கொள்ளலாம் என்று மனைவி சொல்லிவிட்டார். இன்னும் இரண்டு: மாமியார் இன்சுலின் போடுகிறவர், முழங்கால் வலியும் உண்டு. லிட்டில் இந்தியாவிலிருந்து சாங்கிக்கு நான்கு பெரிய பெட்டியோடு எம்ஆர்டி நகர ரயிலில் போகலாமா?

எடைக்கல்

இன்சுலின் கைப்பையில்தான் இருக்க வேண்டும். பெட்டியில் போட்டால் குளிரில் உறைந்து வீணாகலாம், பெட்டி தொலைந்தால் மருந்தும் போச்சு. மருத்துவர் சீட்டோடு, மருந்தின் அட்டைப் பெட்டியோடு வைத்து, சோதனையில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஐஸ் பொட்டலத்தின் மேல் நேராக வைக்காமல் நடுவில் ஒரு துண்டைச் சுற்றுங்கள்.

சக்கர நாற்காலியை இன்றே விமான நிறுவனத்துக்குச் சொல்லிப் பதிந்துவிடுங்கள். 48 மணி நேரம் முன்பே கேட்பார்கள்.

செராங்கூன் வாசி

எம்ஆர்டியில் வழி சுலபம்தான். டவுன்டவுன் நீலத் தடத்தில் ஏறி எக்ஸ்போவில் இறங்கி, சாங்கி ரயிலுக்கு மாற வேண்டும், அவ்வளவே. ஆனால் மாலை 5-லிருந்து 8 வரை கூட்டம், நான்கு பெட்டியோடு முழங்கால் வலிக்காரரை அழைத்துப் போக வேண்டாம். சாதாரண டாக்ஸியில் நால்வர்தான், ஆறு பேர் ஏறும் பெரிய டாக்ஸியைப் பதிவு செய்யுங்கள். பிள்ளைகள் 1.35 மீட்டருக்குக் குறைவென்றால் தனியார் வாடகைக் காரில் குழந்தை இருக்கை கட்டாயம். டாக்ஸிக்கு அந்த விதியில் விலக்கு உண்டு.

எட்டு மணிக்குப் புறப்பட்டால் ஒன்பதுக்குள் சாங்கி. டி1, டி2, டி3 முனையங்களில் கைப்பைச் சோதனை விமானம் ஏறும் கேட் வாசலில்தான் நடக்கும், டி4-இல் மட்டும் முன்னாலேயே. அதனால் உள்ளே வாங்கிய தண்ணீர்ப் பாட்டிலும் கேட் வாசலில் காலியாக வேண்டும். காலி பாட்டிலை எடுத்துப் போய் சோதனைக்கு அப்புறம் உள்ளே குழாயில் நிரப்பிக்கொள்ளுங்கள், பிள்ளைகளுக்கு வேண்டியிருக்கும்.

சிவப்பு வழி

விமானம் நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். நம் நேரம் இரண்டரை மணி பின்தங்கியது என்பதால் இரவு இரண்டரை வாக்கில் இறங்குவீர்கள். தஞ்சாவூருக்கு வண்டியை முன்பே சொல்லிவையுங்கள். ஐந்து பேரும் ஓட்டுநரும் உட்கார்ந்தால் ஏழு இருக்கை வண்டியிலும் பின் வரிசையில் பாதியை மடித்தால்தான் பெட்டி அடங்கும். நான்கு பெரிய பெட்டிக்கு மேலே கேரியர் உள்ள வண்டியாகக் கேளுங்கள்.

பெல்ட்டில் பெட்டி வரவில்லை, அல்லது உடைந்து வந்திருக்கிறது என்றால் வெளியே போவதற்கு முன் விமான நிறுவன மேசையில் புகார்ப் படிவம் எழுதி நகல் வாங்குங்கள். போர்டிங் பாஸில் ஒட்டிய பெட்டிச் சீட்டு அதற்கு வேண்டும், அதைக் கிழித்துப் போடாதீர்கள். சேதம் என்றால் பெட்டி கைக்கு வந்த 7 நாளுக்குள்ளும், தாமதம் என்றால் பெட்டி வந்து சேர்ந்த 21 நாளுக்குள்ளும் எழுத்தில் கேட்டால்தான் இழப்பீடு. நான்கு பெட்டியையும் மூடுவதற்கு முன் உள்ளேயும் வெளியேயும் ஒரு படம் எடுத்துவையுங்கள்.