35 வயதில் பரதம் தொடங்க, சென்னையில் ஆசிரியரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

வேளச்சேரி வாசகி:
வணக்கம். பரதநாட்டியத்தை அடிப்படையிலிருந்து கற்க விரும்புகிறேன். அருகிலுள்ள வகுப்புகள் பெரும்பாலும் சிறுமியருக்காகவே நடக்கின்றன; ஓரிடத்தில் சேர்ந்த மாதமே சலங்கை பூஜைச் (முதன்முறை சலங்கை கட்டும் சடங்கு) செலவைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள். எதைப் பார்த்து ஆசிரியரை முடிவு செய்யலாம்?

திருவான்மியூர் அன்பர்:
சகோதரி, அடவுகள் (அடிப்படை ஆட்ட அசைவுகள்) முடியும் முன்பே சலங்கை பூஜைப் பேச்சு வந்தால் தயங்காமல் விலகிவிடுங்கள். சேர்வதற்கு முன் ஒரு வகுப்பை அமர்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். ஆசிரியர் தட்டுக்கழியால் தாளம் தட்டி, "தையா தை" என்று சொற்கட்டு சொல்லித் தட்டடவை (பாதத்தைத் தட்டி ஆடும் அடவு) மூன்று காலத்திலும் (வேகத்திலும்) செய்ய வைக்கிறாரா, அரைமண்டியில் (முழங்கால்களை மடக்கிப் பாதி அமர்ந்த நிலையில்) முழங்கால் பாதவிரல்களின் திசையிலேயே விரிகிறதா என்று ஒவ்வொருவரையும் திருத்துகிறாரா என்பதைக் கவனியுங்கள். வெறும் சிமெண்ட் தரையில் மணிக்கணக்கில் தட்டவைக்கும் இடம் உங்கள் வயதுக்கு ஆகாது. கலாக்ஷேத்திரா, பந்தநல்லூர், வழுவூர் என்ற பாணி வேறுபாடு அதற்குப் பிறகுதான்.

மயிலாப்பூர் ரசிகை:
மேலே சொன்னதை ஏற்கிறேன். மார்கழியில் பல சபாக்களின் பகல் நிகழ்ச்சிகளுக்கு அனுமதி இலவசம். இளம் கலைஞர்கள் ஆடும்போது நட்டுவாங்கம் செய்பவர் (தாளம் தட்டிச் சொற்கட்டு சொல்லி ஆட்டத்தை நடத்துபவர்) பெரும்பாலும் அவர்களுடைய குருவாகவே இருப்பார். மேடை ஓரத்தில் அவர் மாணவியை நடத்தும் விதமே பாதி விடையைச் சொல்லிவிடும்.

பெரம்பூர் நண்பர்:
அரங்கேற்றம் நோக்கமில்லை, பலரோடு சேர்ந்து ஆடினால் போதும் என்றால், ஒயிலாட்டமும் பறையாட்டமும் கற்பிக்கும் குழுக்களையும் விசாரியுங்கள்.