மே லோங் வீக்கெண்டும் மாமான்ரை லைஃப் ஜாக்கெட்டும்

குழு: அல்கொங்குயின் 8 பேர் + அம்மா

ஏப்ரல், செவ்வாய் இரவு

நான் 8:41
எல்லாரும் ஒருக்கா வடிவா வாசியுங்கோ, பேந்து ஒவ்வொருத்தரா என்னட்டைத் தனியக் கேக்க வேண்டாம். மே லோங் வீக்கெண்ட், ஒன்ராறியோ அல்கொங்குயின் பார்க், கனூ லேக்கிலை இறங்கி ஜோ லேக்குக்குப் போறம், மூண்டு இரவு. 5 மாசத்துக்கு முதல்தான் புக்கிங் திறக்கும், அண்டைக்கு விடிய எழும்பி இருந்து எடுத்தனான். ஒரு சைட்டிலை 9 பேருக்கு மேலை விடமாட்டினம், நாங்கள் 8 பேர், கடைசி நேரத்திலை சிநேகிதனையும் கூட்டியாறன் எண்டு ஒருத்தரும் வெளிக்கிடாதேங்கோ

மாமி 8:44
ரூம் இருக்கோ மோனை? பாத்ரூம்?

நான் 8:45
மாமி கூடாரம்தான். பாத்ரூம் எண்டா காட்டுக்கை ஒரு மரப்பெட்டி, மேலை மூடி, சுவர் கூரை ஒண்டுமில்லை, தண்டர் பொக்ஸ் எண்டு சொல்லுறவை

மாமி 8:45
சுவர் இல்லையோ

அக்கா 8:46
பயப்பிடாதேங்கோ மாமி, இருந்துகொண்டு லேக் பாக்கலாம் 😂

மாமா 8:52
20 டின் மீன் வாங்கி வைச்சிட்டன். சேல்

நான் 8:53
ஐயோ மாமா டின் கொண்டுபோகேலாது. உள்ளுக்கை போறவை டின், போத்தில் எதுவும் கொண்டுபோகக் கூடாது, பார்க்கின்ரை சட்டம். சாப்பாடெல்லாம் திருப்பிப் பாவிக்கிற டப்பாவிலை, இல்லாட்டி பையிலை. மருந்து, அடுப்புக்கு எரிபொருள், பூச்சி மருந்து அதுகள் பறவாயில்லை

மாமா 8:55
மீன் பிடிக்கப் போற இடத்துக்கு மீன் கொண்டுபோறது பிழைதான், ஆனா டின் என்ன பாவம் செய்தது?

நான் 8:58
டின்னை ஆரும் திருப்பித் தூக்கியாறேல்லை மாமா, கல்லுக்குக் கீழை செருகிப்போட்டு வந்திடுவினம், அதாலைதான். இன்னொண்டு, பாரம். கனூ லேக்கிலையிருந்து ஜோ லேக்குக்குத் தண்ணியாலை நேரை போகேலாது, நடுவிலை 295 மீட்டர் தரையாலை கனூ எண்ட துடுப்பு வள்ளத்தையும் சாமானையும் தோளிலை வைச்சுக் காவவேணும், போர்ட்டேஜ் எண்டு மஞ்சள் போர்ட் போட்டிருக்கும். வாடகைக்கு எடுக்கிற, பாரம் குறைஞ்ச கெவ்லர் கனூவே 20 கிலோ அளவு வரும். ஒருதரம் காவி முடிஞ்சா 295 மீட்டர். முடியாமல் திரும்பி வந்து இன்னொருக்கா காவினா மூண்டு நடை, 885 மீட்டர். உங்கடை 20 டின்னும்தான் அந்த மிச்சம் 590

அத்தான் 9:01
கணக்கு வாத்தி வந்திட்டார்

மச்சான் 9:03
மீன் பிடிக்க லைசன்ஸ் எல்லாருக்கும் வேணுமோ?

நான் 9:06
உங்களுக்கும் அத்தானுக்கும் எனக்கும் வேணும், லைசன்ஸோடை சேர்ந்த அவுட்டோர்ஸ் கார்ட் எண்ட அட்டையும் எடுக்கவேணும். அக்கா பிடிக்கேல்லை எண்டுறா. பிள்ளையள் 18க்குக் கீழை, தேவையில்லை. மாமா 65 தாண்டிட்டார், பிறந்த திகதி இருக்கிற ஒன்ராறியோ அடையாள அட்டை கையிலை இருந்தாக் காணும். தூண்டிலுக்கு புழு கொண்டு வரலாம், உயிர் மீன்குஞ்சு மட்டும் கூடாது, தப்பி ஓடி அந்த லேக்கிலை இல்லாத மீன் அங்கை பெருகினா அங்கத்தை ட்ரவுட் மீன் அழிஞ்சு போடும். புழு வைச்ச மண்ணையும் தண்ணிக்கை கொட்டாதேங்கோ

அம்மா 9:10
கரடி இருக்கோ அங்கை

நான் 9:11
இருக்கு அம்மா. 7,600 சதுர கிலோமீட்டருக்கு மேலை காடு, எங்கடை வடமாகாணத்தை விடக் கொஞ்சம்தான் சின்னன், 1893இலையே பார்க் ஆக்கிப்போட்டாங்கள். கறுத்தக் கரடி பெரும்பாலும் ஆளைத் தேடி வாறதில்லை, சாப்பாட்டைத் தேடித்தான் வரும். சாப்பாடு, பற்பசை, சோப் எல்லாத்தையும் ஒரு பையிலை போட்டுக் கூடாரத்துக்குத் தூரத்திலை மரத்திலை கட்டித் தூக்கிவிடுறது

அம்மா 9:12
பற்பசையுமோ

அம்மா 9:12
நான் வரேல்லை எண்டது நல்லதாப் போச்சு

வெள்ளி

நான் 6:20
லைஃப் ஜாக்கெட் சைஸ் எல்லாரும் அனுப்புங்கோ, வாடகைக்கடையிலை சொல்லவேணும். மாமா உங்கடையது மட்டும் இன்னும் வரேல்லை

மாமா 6:34
எனக்கு வேண்டாம். சின்ன வயசிலையே வள்ளத்திலை கடலுக்குப் போனனான். உந்தக் குளத்துக்கோ ஜாக்கெட்? நானும் இணையத்திலை பாத்தனான், ஆளுக்கொண்டு வள்ளத்துக்கை இருந்தாக் காணும், போட்டிருக்க வேணும் எண்டு சட்டம் இல்லை

மச்சான் 6:36
அப்பா சட்டம் படிச்சுக்கொண்டு வந்திருக்கிறார் 😅

நான் 6:49
மாமா நீங்கள் சொல்லுறது சரிதான், சட்டம் அப்பிடித்தான். ஆனா ஒண்டு சொல்லவேணும், இதை நான் அம்மாவுக்கே சொல்லேல்லை. போன வருசம் மேயிலை சிநேகிதப்பொடியளோடை ஒரு சின்ன லேக்குக்குப் போய் இறங்கேக்கை ஃபோட்டோ எடுக்க எழும்பி நிண்டனான், கனூ அப்பிடியே பிரண்டிட்டுது. இறங்குதுறை எனக்கு முன்னாலை, ஒரு பத்தடி இருக்கும். எனக்கு நீந்தத் தெரியும் மாமா. தண்ணிக்கை விழுந்த உடனை மூச்சு தானா உள்ளுக்கை இழுக்குது, வெளியாலை விட ஏலேல்லை, நாய் இளைக்கிற மாதிரி இளைக்கிறன், கூப்பிட வாய் திறந்தா சத்தம் வரேல்லை. ஜாக்கெட் போட்டிருந்தபடியாத்தான் தலை மேலை நிண்டது. ஆரோ துடுப்பை நீட்டினாங்கள், பிடிக்கிறன் ஆனா விரல் மடங்கேல்லை, கையைச் சுத்தித்தான் பிடிச்சனான்

அம்மா 6:50
என்ன சொல்லுறாய்

அம்மா 6:50
உனக்கு ஃபோன் எடுக்கிறன்

நான் 7:15
அம்மாவோடை கதைச்சு முடிஞ்சுது. இன்னும் காது சுடுது

நான் 7:19
மாமா, மனிடோபா பல்கலைக்கழகத்திலை கோர்டன் கீஸ்பிரெக்ட் எண்டு ஒரு பேராசிரியர், தானே ஐஸ் தண்ணிக்கை இறங்கி ஆராய்ச்சி செய்த மனிசன். 1-10-1 எண்டு அவர் சொல்லுறது, முதல் 1 நிமிசம் மூச்சை அடக்கிறதுக்கு, பிறகு 10 நிமிசம் மட்டில்தான் கைகால் சொல்வழி கேக்கும், 1 மணித்தியாலம் அளவிலை மயங்கும். குளிரிலை விறைச்சுச் சாகிறதுக்கு முதலே கை ஏலாமல் மூழ்கித்தான் கனபேர் போறது. ஊர்க்கடல் இளஞ்சூடு மாமா, இது ஐஸ் உருகி மூண்டு கிழமையான தண்ணி

மாமி 7:24
இவருக்கு இதை நான் வாசிச்சுக் காட்டினனான், ஒண்டும் பேசேல்லை

அக்கா 7:31
அந்தக் கனூ லேக்கிலைதான் டொம் தொம்சன் எண்ட ஓவியரும் செத்தவர், 1917. ஜூலை 8 கனூவிலை போனவர், 16ந்திகதிதான் உடம்பு கிடைச்சது. அந்தக் காட்டிலை வழிகாட்டியா வேலை செய்த மனிசன், கனூ தெரியாத ஆளில்லை. எப்பிடிச் செத்தவர் எண்டு இண்டைக்கும் சண்டை பிடிக்கினம்

மாமா 7:58
எக்ஸ்ட்ரா லார்ஜ்

போறதுக்கு முதல் நாள்

நான் 9:30
கறுப்பு, கடுநீல உடுப்பு வேண்டாம், மெல்லிய நிறம், முழுக்கை. காற்சட்டையைச் சொக்ஸுக்கை செருகுங்கோ. இது நுளம்பு இல்லை, பிளாக் ஃபிளை எண்டு கடுகு மாதிரிச் சின்ன ஈ, கடிக்கேக்கை நோகாது, காதுக்குப் பின்னாலை கையை வைச்சா ரத்தம், அப்பத்தான் தெரியும். கனூ லேக்கைத் தாண்டினா சிக்னல் கிடையாது எண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ. அம்மா, திங்கள் பின்னேரம் மட்டும் மெசேஜ் வரேல்லை எண்டு பயப்பிட வேண்டாம்

அம்மா 9:31
பயப்பிடுவன்

திங்கள் பின்னேரம்

மச்சான் 5:47
வந்திட்டம். 8 பேரும். ஹைவே 60இலை நிக்கிறம்

அம்மா 5:47
முருகா

அம்மா 5:48
மீன்?

அக்கா 5:55
அதை மாமா சொல்லுவார்

மாமா 6:02
[வொய்ஸ் நோட் 3:12]

அம்மா 6:03
அண்ணை கோயிலிலை நிக்கிறன், எழுதுங்கோ

மாமா 6:31
சரி எழுதிறன். முதல் நாள் நான் பழக்கத்திலை எழும்பி நிண்டு தள்ளுவம் எண்டு நிமிந்தனான், அந்தக் கனூ எங்கடை வள்ளம் மாதிரி இல்லை முட்டைக்கோது மாதிரி உடனை ஆடிச்சுது, மனிசி போட்ட சத்தத்திலை அக்கரையிலை நிண்ட மூஸ் எண்ட பெரிய மான் கூடத் திரும்பிப் பாத்தது, அதோடை முழங்காலிலை இருந்திட்டன் பிறகு எழும்பேல்லை. பின்னாலை இருந்து ஒரு பக்கம் மட்டும் துடுப்புப் போட்டுக் கடைசியிலை வெளியாலை ஒரு திருப்பு திருப்பிறது, ஜே ஸ்ட்ரோக் எண்டு பொடியன் காட்டித்தந்தவன், அரை மணித்தியாலத்திலை பிடிபட்டிட்டுது, அது கைக்கு ஏற்கெனவே தெரிஞ்ச விசயம்தான்

நான் 6:35
காத்துக் கதையையும் சொல்லுங்கோ மாமா

மாமி 6:41
அதை நான் சொல்லுறன். ஞாயிறு மத்தியானம் மற்றக் கரைக்குப் போவம் எண்டு பொடியள் வெளிக்கிட்டாங்கள், லேக் கண்ணாடி மாதிரித்தான் கிடந்தது. இவர் போகவேண்டாம் எண்டிட்டார், அங்காலை கரையோரம் தண்ணி கறுக்குது, மேற்காலை வருது எண்டு. ஆரும் நம்பேல்லை. இருவது நிமிசத்திலை வெள்ளை அலை, கூடாரத்தைப் பிடிச்சுக்கொண்டு இருந்தனாங்கள்

அத்தான் 6:43
உண்மை. அதுக்குப் பிறகு விடிய வெள்ளெனத்தான் லேக்கிலை இறங்கிறது எண்டு முடிவு

அம்மா 6:44
எல்லாம் சரி. மீன்

மாமா 7:10
ட்ரவுட்டுக்கு எண்டு ரெண்டு நாள் இருந்தம், மச்சான்காரனுக்கு மட்டும் ஒண்டு, அதை வெட்டின கழிவைக்கூட கூடாரத்துக்குக் கிட்டப் போட விடேல்லை, கரடி கரடி எண்டு. நேற்று விடிய ஒரு சின்னக் குடாவுக்கை, விழுந்த மரத்துக்குப் பக்கத்திலை புழுவைப் போட்டனான், உடனை இழுத்தது பார், தடி வில்லு மாதிரி வளைஞ்சுபோச்சு, ரெண்டு தரம் தண்ணிக்கு மேலை பாய்ஞ்சது. கிட்ட எடுத்தா பச்சையும் மண்ணிறமும் கலந்து மேலையிருந்து கீழை கோடு, கண் சிவப்பு. கீழ்த்தாடையிலை பெருவிரலை வைச்சுத் தூக்கினா உள்ளுக்கை அரத்தாள் மாதிரிச் சொரசொரப்பு. ரெண்டு கிலோ இருக்கும்

நான் 7:11
ஒண்டரை

மாமா 7:12
ரெண்டு. பேந்து இவன் வந்து சொல்லுறான் மாமா இது ஸ்மோல்மவுத் பாஸ், ஜூனிலைதான் பிடிக்கலாம், விடுங்கோ எண்டு. அங்கை ஆர் பாக்கப் போயினம், மூண்டு லேக்குக்கு ஒரு மனிசர் இல்லை. பேத்தி கனூவுக்குப் பக்கத்திலை வந்து பாத்துக்கொண்டிருக்கிறா. கையை நனைச்சுப் பிடிச்சுத் தண்ணிக்கை வைச்சனான், கொஞ்ச நேரம் கையுக்கை கிடந்தது, பிறகு வாலாலை ஒரு அடி, என்ரை முகமெல்லாம் தண்ணி

அக்கா 7:15
இப்ப மே எண்டபடியா அதுகள் முட்டை போடப் போற நேரம், ஆண் மீன்தான் கூட்டைக் காவல் காக்கிறது. அதைத் தூக்கினா மற்ற மீன்கள் வந்து முட்டையைத் தின்டிடும்

அம்மா 7:16
அப்ப மூண்டு நாள் என்னத்தைச் சாப்பிட்டனீங்கள்

மாமி 7:16
பருப்பு

மாமா 7:40
தம்பி, செப்டெம்பருக்கு ஜோ லேக் கிடைக்குமோ எண்டு பார். அப்ப பாஸ் பிடிக்கலாம்தானே. ஜாக்கெட்டை நான் சொந்தமா வாங்கிறன், உந்த வாடகைச் சாமான் கக்கத்திலை உரஞ்சுது