பொனேர் ரிசார்ட் கைமாறிய பிறகு: இன்னும் போகலாமா?

அலைவாசி:
கரீபியன் தீவான பொனேரில் நான் எப்போதும் தங்கும் டைவ் ரிசார்ட் (கடலுக்கடியில் மூழ்கி நீந்த வருகிறவர்களுக்கான விடுதி) இரண்டு வருடம் முன்னால் கைமாறியது. பெயர் வேண்டாம். 2012-இல் தொடங்கி போன மாதம் வரை ஆறு முறை போயிருக்கிறேன். இந்த முறை அறைக்குள் நுழைந்ததும் அசந்துபோனேன். புதுக் கட்டில், சத்தமே போடாத ஏசி, கடலை ஒட்டி நீச்சல்குளம். மறுநாள் விடியற்காலை மூச்சுக்காற்று டேங்க் எடுக்கப் போனால் கொட்டகைக்குப் பூட்டு! முன்பெல்லாம் அந்தக் கொட்டகை ராத்திரி பகலாகத் திறந்தே கிடக்கும். நாலு டேங்கைத் தூக்கி பிக்கப்பில் போட்டுக்கொண்டு, டைவ் இடத்தைக் காட்டும் மஞ்சள் கல் ரோட்டோரம் தெரிகிற இடத்தில் நிறுத்திக் கடலில் இறங்க வேண்டியதுதான். பொனேருக்குப் போவதே அதற்குத்தானே? இப்போது 8 மணி முதல் 5 மணி வரைதான். படகுத்துறை ஏணியில் கீழ்ப்படி இரண்டைக் காணோம். கடலுக்குள் வழிகாட்டும் பழைய டைவ்மாஸ்டர்களில் ஒரே ஒருவர் மிச்சம்.

நீலக்கோடு:
சார், பழைய முதலாளி காலத்து ஏசி மறந்துவிட்டதா? 2019-இல் என் படுக்கை மேலேயே சொட்டியது. குளியலறைக் குழாயைத் திருகினால் துரு கையோடு வரும். பல வருடமாக ஒரு ஆணிகூட அடிக்காமல் வாடகை மட்டும் வாங்கியவரை இப்போது தியாகி ஆக்காதீர்கள். பூட்டு வேறு கதை, அது திருட்டுப் பயம். காரில் எதையும் வைக்காதே, கண்ணாடியை இறக்கி வைத்துவிட்டுப் போ என்று வாடகை வண்டிக்காரரே சொல்லும் ஊர் அது. ஏணி போனதற்கும் முதலாளி என்ன செய்வார்? வடக்கே எங்கோ புயல் போனாலும் காற்று திரும்பி மேற்குக் கரையில் அலை மோதும். 1999-இல் லெனி, 2008-இல் ஓமர் என்று அந்தக் கரை அடி வாங்கியதுதானே.

அலைவாசி:
அலை உடைத்ததைத் திரும்பக் கட்டுவது முதலாளி வேலை. நீச்சல்குளத்துக்குப் பணம் இருந்தது, ரெண்டு படிக்கு இல்லையா? சரி, ஏணியை விடுங்கள். டேங்கில் காற்றழுத்தம் 3000 பி.எஸ்.ஐ இருக்க வேண்டிய இடத்தில் 2600. ஒரு நாள் இல்லை, வாரம் முழுக்க. நைட்ராக்ஸ் 32 (ஆக்சிஜனை 32 சதவீதமாகக் கூட்டிய காற்று) என்று ஒட்டியிருந்த டேங்க், ஆக்சிஜன் அளக்கும் என் அனலைசரில் 29 காட்டியது.

நீலக்கோடு:
அவசரமாக நிரப்பினால் டேங்க் சூடாகும், ஆறினதும் அழுத்தம் இறங்கும். இது எல்லா ஊரிலும் உள்ளதுதான்.

பாறைமீன்:
நான் பயிற்சி கொடுக்கிறவள், அதனால் குறுக்கே வருகிறேன். சூடு ஆறினால் ஏறக்குறைய 200 குறையும். 400 குறைகிறது என்றால் அவர்கள் முழுசாக நிரப்பவே இல்லை. அலைவாசி அண்ணா, உங்கள் அனலைசர் வெளிக்காற்றில் 20.9 காட்டியதா? சென்சார் பழசானால் அதுவும் பொய் சொல்லும்.

அலைவாசி:
தினமும் காற்றில் வைத்துச் சரிபார்த்துவிட்டுத்தான் டேங்கில் வைத்தேன். அவர்களுடைய கருவி வெளிக்காற்றிலேயே 23 காட்டியது!

பாறைமீன்:
அப்படியானால் புகார் நியாயம். ஆக்சிஜன் குறைந்த இடத்தில் நைட்ரஜன் கூடியிருக்கும். கையில் கட்டும் டைவ் கம்ப்யூட்டரில் 32 என்று வைத்துக்கொண்டு 29-ஐ மூச்சிழுத்தால், கடலுக்கடியில் அது அனுமதிக்கிற நேரம் உங்கள் உடம்புக்கு அதிகம். ஏசி சொட்டினால் தூக்கம் போகும், அவ்வளவுதான். டேங்க் நிரப்பும் கம்ப்ரஸரின் காற்று ஃபில்டரை எப்போது மாற்றினார்கள் என்று கேட்டீர்களா?

அலைவாசி:
கேட்டேன். வரவேற்பறைப் பையன் நீச்சல்குள ஃபில்டர் என்று நினைத்துப் பதில் சொன்னான்.

தென்காற்று:
பவளமும் போச்சே! புது ஆள் வந்த பிறகு ரிசார்ட் வாசல் பவளப்பாறையில் பெரிய மூளைப் பவளங்கள் வெள்ளையாகிக் கிடக்கின்றன. கழிவுநீரை விடுகிறார்களோ?

பாறைமீன்:
ஆதாரம் இல்லாமல் அந்தப் பழியைப் போடாதீர்கள். கல்பவளத் திசுவை அழிக்கும் நோய் 2023 மார்ச்சில் பொனேரில் தெரியவந்தது. அதே வருடம் கடல் சூடேறிப் பவளம் வெளுத்தது. தீவு முழுக்க இந்தக் கதைதான். 1979-லிருந்து கடல் பூங்காவாகக் காக்கப்படும் இடம், கையுறை போடக்கூட அனுமதி கிடையாது. அங்கேயே இப்படி. ரிசார்ட்டிடம் கேட்க வேண்டியது வேறு: நோய் பரவாமல் இருக்க உபகரணங்களைக் கிருமிநாசினியில் அலசத் தொட்டி வைத்திருக்கிறார்களா?

அலைவாசி:
தொட்டி இருக்கிறது. சுத்தமாகவும் இருந்தது. அதை முதல் பதிவிலேயே சொல்லியிருக்க வேண்டும், என் தப்பு.

நீலக்கோடு:
அந்த அளவுக்காவது ஒத்துக்கொண்டீர்களே. கருவி 23 காட்டியது எனக்கும் உறுத்துகிறது. பிப்ரவரிக்கு முன்பணம் கட்டிவிட்டேன், திரும்பாது. மனைவிக்கு அந்த நீச்சல்குளம் பிடித்துவிட்டது.

அலைவாசி:
போய் வாருங்கள். அனலைசர் சொந்தமாகக் கொண்டு போங்கள்.

நீலக்கோடு:
ஏணியும் கொண்டு போகவா?