2015 அக்டோபரில் நேபாளம் போகலாமா?
ஒரே குழப்பம், கொஞ்சம் உதவுங்கள். நானும் அக்காவும் அக்டோபரில் நேபாளம் போக ஜனவரியிலேயே டிக்கெட் எடுத்துவிட்டோம், அப்புறம் பார்த்தால் ஏப்ரல் 25 அன்று 7.8 அளவு நிலநடுக்கம், மே 12 அன்று மறுபடி 7.3, காத்மாண்டு தரஹரா கோபுரம் இடிந்து அடிக்கட்டை மட்டும் மிஞ்சியது, லாங்டாங் கிராமத்தையே பனியும் பாறையும் சரிந்து மூடிவிட்டன. அம்மா போகவே கூடாது என்கிறார். பொக்காரா, அன்னபூர்ணா பக்கம் சேதம் குறைவு என்பதால் அங்கே மட்டும் மலைப்பாதையில் நடைப்பயணம் போகலாம் என்று எண்ணம். விடுதிக்காரரிடம் பேசினேன், "வாருங்கள், எல்லா அறையும் காலிதான்" என்றார், கேட்கவே சங்கடமாகிவிட்டது. ஆனால் தார்ப்பாய்க்கு அடியில் ஆட்கள் படுத்திருக்கும் நாட்டில் கேமராவோடு சுற்றுவதும் உறுத்துகிறது. இந்த மழைக்காலத்தில் போய் வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? காத்மாண்டு–பொக்காரா சாலையில் மண்சரிவு எப்படி, பஸ்ஸை நம்பலாமா?