அடிபட்டாலும் குறி மாறாத ஸ்கோப்: உறுப்பினர்களின் அனுபவங்கள்

கிறைஸ்ட்சர்ச், நியூசிலாந்து

துப்பாக்கிமேல் மாட்டிக் குறி பார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பை வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் கண்ணாடியைத்தான் காட்டுவார். வாசலில் நின்று தெருக்கோடிப் பலகையைப் பார்க்கச் சொல்வார். எழுத்து பளிச்சென்று தெரியும், மனம் அதிலேயே விழுந்துவிடும். தென்தீவு மலைகளில் தார் வேட்டைக்குப் போய்வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: கண்ணாடியை இரண்டாவதாக வையுங்கள். உள்ளே இருக்கும் ஒரு ஸ்பிரிங்கும் இரண்டு திருகுகளும் எப்படி என்று முதலில் கேளுங்கள்.

தார் என்பது நம் வரையாட்டைப் போலச் செங்குத்துப் பாறையில் வாழும் இமயமலை விலங்கு. 1904இல் ஆவோராக்கி மலைப்பகுதியில் கொண்டுவந்து விட்டார்கள். அதை அடித்துத் தின்னும் விலங்கு இங்கே கிடையாது, அதனால் பெருகிவிட்டது. மலைச்செடிகளைக் காக்க அரசே வேட்டையை ஊக்குவிக்கிறது. வரையாட்டைப் பார்த்து வளர்ந்தவனுக்கு முதல் முறை கை தயங்கத்தான் செய்யும்.

அது நிற்கும் இடங்களுக்கு ஏறி இறங்கும்போது துப்பாக்கி எங்காவது அடிபடாமல் திரும்பாது. ரங்கிட்டாட்டா ஆற்றின் தலைப்பகுதியில், உடன் வந்த நண்பரின் துப்பாக்கி முதுகுப்பைமேல் சாய்த்து வைத்திருந்த இடத்திலிருந்து சரிந்து, ஸ்கோப் அடிப்பக்கமாகச் சரளைக்கல்லில் விழுந்தது. இடுப்பளவு உயரம்கூட இல்லை. கறுப்புப் பூச்சில் நகக்கண் அளவு ஒரு வெள்ளைக் கீறல், அவ்வளவுதான். மறுநாள் காலை நூறு மீட்டரில் அட்டைப்பெட்டியை வைத்துச் சுட்டுப் பார்த்தோம். மூன்று தோட்டாக்களும் தீப்பெட்டி அகலத்துக்குள் நெருங்கி விழுந்தன, ஆனால் குறியிலிருந்து ஒரு சாண் இடப்பக்கம். நண்பர் குறியை இடவலமாக நகர்த்தும் பக்கக் குமிழைத் திருப்பினார். குமிழ் படிப்படியாகத் திரும்பும் ஒவ்வொரு கிளிக்கும் விரலுக்குத் துல்லியமாகத் தெரிந்தது, தோட்டா மட்டும் இடம் மாறவில்லை. மேலும் திருப்பினார், அப்போதும் அதே இடம். அடுத்த முறை ஒரே தாவலாகக் குறியைக் கடந்து வலப்பக்கம் போய்விட்டது.

காரணம் எளியது. வெளிக்குழலுக்குள் இன்னொரு சிறு குழல் இருக்கிறது. அதன் பின்முனை கீல்போல ஓரிடத்தில் பொருந்தியிருக்கும். குமிழ்களைத் திருப்பினால் முன்பகுதியை மேலிருந்து ஒரு திருகும் பக்கத்திலிருந்து ஒரு திருகும் தள்ளும், எதிர்ப்புறத்திலிருந்து ஸ்பிரிங் திருப்பித் தள்ளும். ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் திருகு விலகினாலும் உள்குழல் அதைப் பின்தொடராது. அடுத்த வெடியின் உதைப்பில் அது குலுங்கி, தனக்குத் தோன்றிய இடத்தில் உட்காரும். அன்று நண்பர் வேட்டையை நிறுத்திக்கொண்டார். விலங்கைக் காயப்படுத்தி மலையில் விட்டுவிட்டு வருவதைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

தண்டர் பே, ஒன்ராறியோ, கனடா

தம்பி சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஸ்கோப்பின் மேல் பழி போடுமுன் அதைப் பிடித்திருக்கும் வளையங்களைப் பாருங்கள். இங்கே மூஸ் எனும் பெரிய மான் வேட்டைக் காலத்துக்கு முன் சுடுதளத்தில் "ஸ்கோப் கெட்டுவிட்டது" என்று வருகிற துவக்குகளில் பலவற்றுக்கு அடித்தகட்டின் திருகுதான் தளர்ந்திருக்கும்.

வெடிக்கும்போது துவக்கு பின்னால் போகிறது, ஸ்கோப் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. பிடி போதாவிட்டால் வளையத்துக்குள் முன்பக்கமாக நழுவும். நான் வளையமும் குழலும் சேரும் இடத்தில் நகப்பூச்சால் மெல்லிய கோடு ஒன்று போட்டுவைப்பேன். கோடு இரண்டாகப் பிரிந்து நின்றால் நழுவியது தெரிந்துவிடும். அதற்காகக் கைப்பலம் முழுவதையும் காட்டி முறுக்கக் கூடாது. வளையத் திருகுக்கு இரண்டு நியூட்டன் மீட்டர் அளவே பெரும்பாலும் போதும். அதற்குமேல் போனால் அலுமினியக் குழல் நசுங்கி, உள்குழல் அசைய இடமில்லாமல் போகும். அந்தக் குறையும் வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு "கிளிக் வேலை செய்யவில்லை" என்றுதான் தெரியும்.

இந்த ஊரில் பின்லாந்து வழி வந்த குடும்பங்கள் நிறைய. அப்படி ஒரு முதியவர் டெக்சஸின் எல் பாசோவில் செய்த பழைய வீவர் கே-4 ஸ்கோப்பை இன்னும் வைத்திருக்கிறார். இரும்புக் குழல், நான்கு மடங்கு மட்டுமே பெரிதாக்கும். குமிழைத் திருப்பிய பிறகு வெற்றுத் தோட்டாக்கூட்டின் அடிப்பாகத்தால் அதை இரண்டு தட்டுத் தட்டுவார். ஸ்பிரிங் சோம்பலை முறிக்க அந்தக் காலத்துக்காரர்கள் செய்கிற வேலை. தட்டி முடித்தால் அந்த வருடம் முழுக்க அதைத் தொடவே மாட்டார். உருப்பெருக்கத்தை மாற்றும் பாகங்கள் இல்லாததால் உள்ளே கெடுவதற்கு உள்ளவையும் குறைவு.

ஹாமர், நோர்வே

இங்கே பெருவிலங்கு வேட்டைக்காரர் ஆண்டுதோறும் சுடும் தேர்வில் தேற வேண்டும். முதலில் முப்பது பயிற்சி வெடிகள். பிறகு நூறு மீட்டரில் விலங்கு உருவத்தின் மேல் ஐந்து வெடிகள், ஐந்தும் முப்பது சென்டிமீட்டர் வட்டத்துக்குள் விழ வேண்டும். தேர்வு என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. எனக்கு அது பெரிய உதவி. அந்த முப்பது வெடிகளையும் ஒரே காகிதத்தில் சுட்டால், கூட்டம் மெல்ல ஒரு பக்கம் ஊர்ந்து போகிறதா என்பது கண்ணுக்கு முன்னால் தெரிந்துவிடும்.

குளிரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜனவரியில் குடிலில் காத்திருந்து நரி வேட்டையாடும்போது வெளியே சுழியத்துக்குக் கீழ் 25 பாகை. மலிவான ஸ்கோப்புகளில் உள்ளே பூசிய கிரீஸ் இறுகி, உருப்பெருக்க வளையம் திரும்ப மறுக்கும். குளிரில் இருந்த துவக்கைச் சூடான வீட்டுக்குள் கொண்டுவந்தால் வெளிக்கண்ணாடியில் பனி படியும். அது துடைத்தால் போய்விடும், பயப்பட வேண்டாம். உள்கண்ணாடியில் படிந்தால்தான் பிரச்சினை. ஈரம் சேராதிருக்க உள்ளே நைட்ரஜனோ ஆர்கனோ அடைத்து முத்திரையிட்டிருப்பார்கள். உள்ளே பனி தெரிந்தால் அந்த வாயு போய்விட்டது என்று பொருள். பட்டறைக்கு அனுப்புவதைத் தவிர வேறு வழியில்லை.

கோயம்புத்தூர்

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு இங்கே வேட்டைக்கு இடமில்லை. நான் சுடுவது காகித இலக்கை, அதுவும் ஸ்பிரிங்கால் பிஸ்டனைத் தள்ளிக் காற்றை அழுத்திச் சுடும் ஏர் ரைபிளில். எங்கள் கிளப்பில் ஒருவர், பெரிய ரக வேட்டைத் துப்பாக்கிக்கென்று செய்த ஸ்கோப்பை இதில் மாட்டினார். சில வாரங்களில் குறுக்குக்கோடு சாய்ந்துவிட்டது. ஏர் ரைபிளில் உதைப்பு இரண்டு முறை, இரண்டு திசையில் வரும். பிஸ்டன் முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே தள்ளும். பிஸ்டன் அறையின் முடிவில் மோதி நிற்கும்போது துப்பாக்கி வெடுக்கென்று முன்னே இழுக்கும். பின்னுதைப்புக்கு மட்டும் இறுக்கிய லென்ஸ் இந்த எதிர் இழுப்பைத் தாங்காது. ஏர் ரைபிளுக்கு ஏற்றது என்று தயாரிப்பாளர் வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் மட்டும் வாங்குங்கள்.

ஒரு கேள்வி: புது ஸ்கோப்பின் குமிழ் உண்மை பேசுகிறதா என்று எப்படிச் சோதிக்கிறீர்கள்?

கிறைஸ்ட்சர்ச், நியூசிலாந்து

இரண்டு சோதனை செய்வேன். முதலாவது சதுரம். குறியை மாற்றாமல் ஒரே புள்ளியைப் பார்த்தே சுட வேண்டும். ஒரு வெடி, பிறகு மேலே 40 கிளிக், வலது 40, கீழே 40, இடது 40, ஒவ்வொரு மூலையிலும் வெடி. கடைசி வெடி முதல் வெடியின் மேலேயே வந்து விழ வேண்டும்.

இரண்டாவது உயரம். ஒரு நீளமான அட்டையில் கொத்தனாரின் தூக்குக்குண்டு கொண்டு நேர்கோடு இழுத்து, நூறு மீட்டரில் நிறுத்துவேன். கிளிக்குக்கு ஒரு சென்டிமீட்டர் நகரும் ஸ்கோப் என்றால் 60 கிளிக்குக்கு 60 சென்டிமீட்டர் ஏற வேண்டும். 58தான் ஏறியது என்றால் நூற்றுக்கு மூன்றுக்குமேல் பிழை. ஐந்நூறு மீட்டரில் இரண்டு மீட்டர் அளவுக்கு ஈடுகட்ட வேண்டியிருந்தால் அது ஆறேழு சென்டிமீட்டர் ஆகிவிடும். எப்போதும் 58 என்றால் கணக்கில் சேர்த்துக்கொண்டு வாழலாம். இன்று 58, நாளை 61 என்று காட்டும் ஸ்கோப்பை அன்றே கடைக்குத் திருப்பிவிடுவேன்.

குளிரில் நான் இதைச் செய்து பார்த்ததில்லை. நோர்வே அண்ணா, இந்த ஜனவரியில் உங்கள் ஊர்க் குளிரில் அந்த 60 கிளிக்கைச் சுட்டுப் பார்த்து, எத்தனை சென்டிமீட்டர் ஏறியது என்று எழுதுங்கள்.