ஊட்டியா, கோவையா? மாதக் கடைசியில் கையில் மிஞ்சுவது எவ்வளவு

அரசு மருத்துவர்களைத் தேர்ந்தெடுக்கும் எம்ஆர்பி வாரியத்தின் கவுன்சிலிங்கில் நீலகிரியில் இடம் வந்தால் எடுக்கலாமா, இல்லை கோவையிலேயே தனியாரில் டூட்டி டாக்டராக இருந்துவிடலாமா என்று ஜூனியர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இரண்டு ஊரிலும் வேலை பார்த்தவள் என்பதால் என் கணக்கை எழுதுகிறேன். மற்றவர்களும் சொல்லுங்கள். வாடகை, கரண்ட் பில் எல்லாம் ரூபாயோடு சொன்னால் புதிதாக வருகிறவர்களுக்கு உதவும்.

கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் மாதம் 45,000. பக்கத்திலேயே பிஜி விடுதி, இரண்டு பேர் தங்கும் அறை, சாப்பாட்டோடு 9,000. வேலைக்கு நடந்தே போய்விடலாம். வீட்டுக்கு 25,000 அனுப்பியும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. கஷ்டம் பணத்தில் இல்லை, வேலை நேரத்தில். நைட் முடிந்து காலையில் ரிலீவர் வராவிட்டால் பகல் டூட்டியும் நம் தலையில்தான் விழும். அதற்குத் தனியாகக் காசு தந்ததே இல்லை. எம்பிபிஎஸ் முடித்து வரும் பிள்ளைகளை இப்படிப் பிழிவது எனக்கு இன்னும் ஆத்திரமாகத்தான் இருக்கிறது.

அப்புறம் அரசு வேலை. உதவி மருத்துவருக்கு அடிப்படைச் சம்பளம் 56,100-இல் தொடங்கும். ஊட்டியில் சேர்ந்தாலும் கோவையில் சேர்ந்தாலும் அதுதான், அகவிலைப்படியும் அதேதான். மலையில் இருப்பவர்களுக்கு மலைப்படி, குளிர்காலப் படி என்று கொஞ்சம் கூடுதலாக வரும். ஆனால் வீட்டு வாடகைப் படி ஊரின் தரத்தைப் பொறுத்தது. சென்னைக்கு அடுத்த வரிசையில் இருப்பதால் கோவைக்கு அது அதிகம். ஓய்வூதியத்துக்கான 10 சதவீதப் பிடித்தம் எங்கே போனாலும் உண்டு. ஆக, சம்பளச் சீட்டைப் பார்த்து ஊரை முடிவு செய்ய முடியாது.

வித்தியாசம் வீட்டில்தான் இருக்கிறது. ஊட்டியில் பிங்கர்போஸ்ட் பக்கம் வீடு பார்க்கப் போனபோது ஒரு வீட்டுக்காரர் எடுத்த எடுப்பிலேயே, “மார்ச் கடைசியில காலி பண்ணிக் குடுத்துருவீங்களா டாக்டரம்மா?” என்று கேட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஏப்ரல், மே சீசனில் ஒரு ராத்திரிக்கே ஆயிரக்கணக்கில் கொடுக்க ஆள் இருக்கும்போது மாத வாடகைக்கு ஏன் விடப்போகிறார்? 2022-இல் மருத்துவக் கல்லூரி வந்தது, ஆண்டுக்கு 150 மாணவர்கள். 2025 ஏப்ரலில் 700 படுக்கை மருத்துவமனையும் திறந்தார்கள். ஊருக்கு மிகவும் நல்லது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் வீடு தேடும் டாக்டர்களும் நர்ஸ்களும் கூடிவிட்டார்கள், வீடுகள் கூடவில்லை. கடைசியில் எனக்குக் கிடைத்தது இரண்டு அறை வீடு. 14,000 வாடகை, ஒரு லட்சம் அட்வான்ஸ்.

ஜூனில் மழை பிடித்ததும் படுக்கையறைச் சுவர் ஈரம் கோத்துக்கொண்டது. பீரோவில் இருந்த தோல் செருப்பில் பச்சையாகப் பூசணம். வெள்ளைக் கோட்டைத் துவைத்தால் நாள்கணக்கில் காயாது. ஹீட்டர் முன்னால் நாற்காலி போட்டு, கைப்பகுதியைத் திருப்பித் திருப்பிக் காயவைப்பேன். கீசர், ஹீட்டர் இரண்டும் ஓடுவதால் இரண்டு மாத பில் 4,000-ஐத் தாண்டுகிறது. காய்கறியாவது மலிவாக இருக்கும் என்று நம்பி வராதீர்கள். இங்கே விளையும் கேரட் பெரும்பாலும் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கிப் போய்விடுகிறது. அரிசி, தக்காளி, வெங்காயம் எல்லாம் கீழேயிருந்து லாரி வாடகையோடு ஏறி வருகின்றன.

மொத்தத்தில் கோவை தனியாரைவிடக் கூடுதலாகச் சம்பாதித்தும், வீட்டுக்கு அனுப்புவது கிட்டத்தட்ட அதே 25,000தான். சேமிப்பு கூடியிருக்கிறது, ஆனால் சம்பளம் கூடிய அளவுக்கு இல்லை.

கூடலூர் பக்கத்து மருத்துவர்:

அக்கா, உங்கள் கணக்கு ஊட்டி டவுனுக்குச் சரி. எங்கள் பக்கம் கதையே வேறு. எனக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பின்னாலேயே குவார்ட்டர்ஸ். வீட்டு வாடகைப் படி நின்றுவிடும். ஆனால் அட்வான்ஸ் இல்லை, பெட்ரோல் செலவு இல்லை. இருட்டிவிட்டால் யானை நடமாட்டம், பைக்கை வெளியே எடுக்கவே மாட்டேன். சினிமா, ஓட்டல் என்று போக வழியே இல்லாததால் சம்பளத்தில் பாதிக்கு மேல் வங்கியிலேயே நிற்கிறது. ஏதாவது வாங்க வேண்டுமென்றால் மலை ஏறி ஊட்டிக்குப் போவதைவிடக் கேரள எல்லை தாண்டி சுல்தான் பத்தேரிக்குப் போவது எங்களுக்கு வசதி.

பணத்தில் வராத இன்னொரு வரவும் இருக்கிறது. தமிழ்நாட்டில் அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு மேற்படிப்பில் மாநில ஒதுக்கீட்டு இடங்களில் 50 சதவீதம். 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு அந்த அதிகாரம் உண்டு என்று சொன்ன பிறகு வந்தது. அதோடு, மலைப் பகுதியில் வேலை பார்த்தால் மேற்படிப்புக்கான நீட் மதிப்பெண்ணில் ஊக்க மதிப்பெண் சேர்கிறது. எம்டி சீட்டை மனதில் வைத்திருப்பவர்கள் இதைக் கணக்கில் சேர்க்காமல் கோவை மலிவு என்று சொல்லாதீர்கள். வேலையிலும் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. புத்தகத்தில் மட்டுமே படித்த, பரம்பரையாக வரும் சிக்கிள் செல் ரத்தசோகையை, வலியோடு வரும் பழங்குடிப் பிள்ளைகளிடம் நேரில் பார்க்கிறேன். அந்தப் பிள்ளைகளுக்கு ராத்திரியில் பக்கத்தில் ஒரு டாக்டர் கட்டாயம் வேண்டும்.

கோவை, அரசு மருத்துவர்:

குடும்பம் இருந்தால் கணக்கு மாறிவிடும் டாக்டர். என் கணவருக்கு இங்கே ஐடி வேலை. நான் மலைக்கு வந்தால் இரண்டு வீடு, இரண்டு அடுப்பு. வாராவாரம் கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர், சீசனில் குன்னூர் ரோட்டில் நின்று நின்று வர வேண்டும். 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்குள் வண்டி நுழைய இ-பாஸ் வேறு. நீலகிரிப் பதிவான டிஎன் 43 வண்டிக்கு வேண்டாம், எங்கள் கார் கோவைப் பதிவு. அதோடு பணி நேரம் போக கிளினிக் வைக்க நம் மாநிலத்தில் அரசு மருத்துவர்களுக்குத் தடை இல்லை. கோவையில் சாயங்காலம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் வீட்டு வாடகை வந்துவிடுகிறது. மலைக் கிராமத்தில் அது நடக்காது. அங்கே கூலிக்குப் போகிறவர்களிடம் பீஸ் வாங்க மனமும் வராது.

குன்னூரிலிருந்து:

எனக்கு ஊட்டியைவிட வாடகை குறைவு, 9,500. குளிரும் கொஞ்சம் குறைவு. ஆனால் நவம்பர் மழையில் ரோடு சரிந்தால் டூட்டிக்குப் போவதே பாடு. மற்றபடி முதல் பதிவில் சொன்னது அப்படியே உண்மை.

முதல் பதிவு எழுதியவள்:

கூடலூர் தம்பி சொன்னதைப் படித்த பிறகு ஜூனியர்களுக்கு ஒரே ஒரு வேலை சொல்கிறேன். கவுன்சிலிங்கில் இடத்தைத் தொடுவதற்கு முன்னால் அந்த நிலையத்தின் ஸ்டாஃப் நர்ஸிடமோ பார்மசிஸ்டிடமோ பேசிவிடுங்கள். குவார்ட்டர்ஸ் இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். இப்போது அதில் யாராவது குடியிருக்கிறார்களா, போன மழையில் எந்த அறை ஒழுகியது, தண்ணீர் தினமும் வருகிறதா என்று கேளுங்கள். கீசருக்கு வயரிங் தாங்குமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.