வயர்லெஸ் மெஷ்ஷில் எஸ்டிஎன்: கன்ட்ரோலர் எதை முடிவு செய்ய வேண்டும், கணுக்கள் எதை முடிவு செய்ய வேண்டும்?

கேள்வி – அலைவழி

அனைவருக்கும் வணக்கம். லினக்ஸில் இயங்கும் வைஃபை ரூட்டர்களைக் கொண்டு அமைத்த ஒரு மெஷ் வலையமைப்பில் (கணுக்கள் எனப்படும் ரூட்டர்கள் ஒன்றுக்கொன்று தரவைக் கடத்தும் அமைப்பு), எஸ்டிஎன் முறையில், அதாவது கன்ட்ரோலர் என்ற மைய மென்பொருள் வழிகளை முடிவு செய்யும் முறையில், போக்குவரத்தை நிர்வகிக்க முயன்று வருகிறோம். ஒவ்வொரு கணுவிலும் இரண்டு ரேடியோக்கள் உள்ளன. 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ பயனர் கருவிகளுக்கும், 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ கணுக்களுக்கு இடையிலான முதுகெலும்பு இணைப்புக்கும் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. முதுகெலும்பு ரேடியோக்கள் அனைத்தும் ஒரே சேனலில் இருக்கின்றன. இணையத்துக்கு வெளியேற இரண்டு கேட்வே கணுக்கள் உண்டு. எல்லாக் கணுக்களிலும் ஓப்பன் விஸ்விட்ச் என்ற மென்பொருள் ஸ்விட்ச் நிறுவப்பட்டு, ஸ்விட்ச்சுகளுக்கு விதிகளை அனுப்பும் ஓப்பன்ஃப்ளோ 1.3 நெறிமுறை வழியாக ஒரே கன்ட்ரோலரோடு தொடர்பு கொள்கிறது. அந்தத் தொடர்பும் இதே மெஷ் வழியாகவே செல்கிறது.

கன்ட்ரோலர் சில விநாடிகளுக்கு ஒருமுறை போர்ட் கவுன்ட்டர்களைப் படித்து, சுமை கூடிய இணைப்புகளுக்கு அதிக எடை கொடுத்து, மிகக் குறைந்த எடையுள்ள வழியைத் தேடும் டைக்ஸ்ட்ரா அல்காரிதத்தால் வழிகளை மறுபடி கணக்கிட்டு, ஓட்டங்களை (ஒரே தொடர்பைச் சேர்ந்த தரவுப் பொட்டலங்களின் வரிசைகளை) இடம் மாற்றுகிறது. மினிநெட் என்ற வலையமைப்பு எமுலேட்டரில் கம்பிவழி இணைப்புகளைக் கொண்டு சோதித்தபோது இந்த ஏற்பாடு நன்றாகவே சுமையைப் பகிர்ந்தது. உண்மையான கணுக்களிலோ, கன்ட்ரோலர் எதுவும் இல்லாமல் கணுக்களே வழி தேடும் பேட்மேன்-அட்வ் நெறிமுறை மட்டும் இயங்கும்போது கிடைக்கும் மொத்த த்ரூபுட்டைவிட (உண்மையில் சென்றுசேரும் தரவு வேகத்தைவிட) குறைவாகவே கிடைக்கிறது. ஓட்டங்கள் இரண்டு வழிகளுக்கு இடையே மாறி மாறி அலைகின்றன. சுமை ஏறும் நேரத்தில், கன்ட்ரோலரின் உதவி மிகவும் தேவைப்படும் அந்தக் கட்டத்திலேயே, தொலைவிலுள்ள கணுக்கள் கன்ட்ரோலரோடு தொடர்பை இழக்கின்றன.

எஸ்டிஎன் முறையைக் கைவிட எங்களுக்கு விருப்பமில்லை. வலையமைப்பு முழுவதையும் ஒரே இடத்திலிருந்து பார்க்கும் வசதி மதிப்புடையது என்றே கருதுகிறோம். பொறுப்புகளை எப்படிப் பிரிப்பது என்பதில் அனுபவமுள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

மறுமொழி 1 – கணுநோக்கர்

வணக்கம், அலைவழி. டைக்ஸ்ட்ராவின் மீது குறை இல்லை. அதற்கு நீங்கள் ஊட்டும் எடைகளில்தான் சிக்கல் இருக்கிறது. கம்பிவழி வலையமைப்பில் ஒவ்வொரு இணைப்புக்கும் தனிக் கொள்ளளவு உண்டு என்பதால், ஒன்றில் நெரிசல் ஏற்படும்போது மற்றொன்று வெறுமையாக இருக்கக்கூடும். அந்த வெறுமையைக் கண்டுபிடித்து நிரப்புவதே கன்ட்ரோலரின் வேலை. கூகுள் தன் தரவு மையங்களுக்கு இடையிலான பி4 வலையமைப்பைப் பற்றி 2013இல் வெளியிட்ட கட்டுரையில், பல இணைப்புகளை ஏறத்தாழ நூறு விழுக்காடு வரை பயன்படுத்த முடிந்ததாகக் கூறியது இந்த அடிப்படையில்தான். ஒரே சேனலில் இயங்கும் மெஷ்ஷில் அப்படி ஒரு தனிக் கொள்ளளவு எந்த இணைப்புக்கும் இல்லை. ஒரு கணு அனுப்பும்போது அதன் குறுக்கீட்டு எல்லைக்குள் இருக்கும் கணுக்கள் அனைத்தும் காத்திருக்கின்றன. நீங்கள் "வெறுமையான இணைப்பு" என்று எண்ணி ஓட்டத்தைத் தள்ளிய இடம், நெரிசலான இணைப்பு பயன்படுத்திக்கொண்டிருக்கும் அதே அலையில்தான் இருக்கிறது.

சங்கிலி போல வரிசையாக நிற்கும் கணுக்களில் ஒரு பொட்டலம் கடைசிவரை செல்லும்போது கிடைக்கும் த்ரூபுட், ஒற்றைத் தாவலில் (ஒரு கணுவிலிருந்து அடுத்ததற்கு) கிடைப்பதில் அதிகபட்சம் நான்கில் ஒரு பங்கு என்றும், வைஃபையின் அடிப்படையான 802.11 நெறிமுறையின் இயல்பான நடத்தையால் அது ஏழில் ஒரு பங்கு வரை இறங்குகிறது என்றும் எம்ஐடி ஆய்வாளர்கள் 2001இலேயே காட்டியிருக்கிறார்கள். அதற்கு முந்தைய ஆண்டு குப்தாவும் குமாரும், கணுக்களின் எண்ணிக்கை பெருகப் பெருக ஒவ்வொரு கணுவுக்கும் கிடைக்கும் பங்கு சுருங்கியே தீரும் என்பதைக் கணித வழியில் நிறுவினார்கள். எந்தக் கன்ட்ரோலராலும் இந்த எல்லையைத் தாண்ட முடியாது. எல்லைக்குள் வீணாவதைக் குறைப்பது மட்டுமே நம் கையில் உள்ளது.

ஆகவே எடை என்பது "இந்த இணைப்பில் எவ்வளவு சுமை" என்பதாக இருக்கக் கூடாது. "ஒரு பிட்டை இந்த வழியில் கொண்டு சேர்க்க எவ்வளவு அலைநேரம் (சேனல் பிடிபட்டிருக்கும் நேரம்) செலவாகிறது" என்பதாக இருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 54 மெகாபிட் வேகமுள்ள ஒரு நேரடி இணைப்பில் ஒரு மெகாபிட்டை அனுப்ப, மேற்செலவுகளை விட்டுவிட்டால், ஏறத்தாழ 18.5 மில்லிவிநாடி ஆகும். தலா 150 மெகாபிட் வேகமுள்ள இரண்டு தாவல்களில் அதே மெகாபிட் 13.3 மில்லிவிநாடியில் போய்ச் சேரும். மூன்று தாவல்கள் என்றால் 20 மில்லிவிநாடி ஆகிவிடும். தாவல்களின் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர் முதல் வழியையும், இணைப்பின் வேகத்தை மட்டும் பார்ப்பவர் மூன்றாவதையும்கூடத் தேர்ந்தெடுத்துவிடலாம். இரண்டுமே தவறான தேர்வு. 2011இல் நிறைவேறிய, வைஃபை மெஷ்ஷுக்கான ஐஇஇஇ 802.11எஸ் தரத்தின் இயல்பு அளவீடும் இதே சிந்தனையில் எழுந்ததுதான்: மேற்செலவோடு 8192 பிட்டுகளை அனுப்பும் நேரத்தைக் கூட்டி, அதைப் பிழையின்றிச் சேரும் விகிதத்தால் வகுக்கிறார்கள். உங்கள் கன்ட்ரோலர் நெரிசலைக் கண்டு ஓட்டத்தை நீண்ட வழிக்கு மாற்றும் ஒவ்வொரு முறையும் மொத்த அலைநேரச் செலவு கூடுகிறது. மொத்த த்ரூபுட் குறைவதற்கு அதுவே பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

ஓட்டங்கள் அலைவதைப் பொறுத்தவரை, சுமையை அளந்து வழியை மாற்றும் எந்த முறைக்கும் பொதுவான பழைய நோய் அது. இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டின் தாமத அளவீட்டில் நேர்ந்த இதே அலைவையும் அதைத் தணித்த விதத்தையும் கன்னாவும் சிங்கியும் 1989இல் விரிவாக எழுதியிருக்கிறார்கள். புதிய வழி பழையதைவிடக் குறிப்பிடத்தக்க அளவு மேலாக இருந்தால் மட்டுமே மாறுவது, ஒரே சுற்றில் எல்லா ஓட்டங்களையும் மாற்றாமல் சிலவற்றை மட்டும் மாற்றுவது, மாறிய ஓட்டத்தைச் சிறிது காலம் தொடாமல் விடுவது ஆகிய மூன்றையும் சேர்த்துக் கடைப்பிடித்தால் அலைவு பெரிதும் அடங்கும்.

மறுமொழி 2 – தடங்காவல்

கணுநோக்கர் கூறியதை முழுமையாக ஏற்கிறேன். கட்டுப்பாட்டுத் தொடர்பு அறுபடுவதைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன். என் பார்வையில் அதுவே உங்கள் அமைப்பின் ஆபத்தான பகுதி.

கன்ட்ரோலரை அடையும் வழியைக் கன்ட்ரோலரே நிர்ணயிக்கிறது என்றால், ஒரு இணைப்பு முறிந்தவுடன் அந்தக் கணுவுக்கு மாற்று வழியைச் சொல்ல யாராலும் முடியாது. எனவே கட்டுப்பாட்டுப் போக்குவரத்தைக் கணுக்கள் தமக்குள் நடத்தும் ஒரு பரவல் வழிநெறிமுறையிடம் ஒப்படைத்துவிடுங்கள். இத்தாலிய ஆய்வாளர்கள் 2013இல் முன்வைத்த டபிள்யூஎம்எஸ்டிஎன் கட்டமைப்பு இப்படித்தான் செய்தது: கன்ட்ரோலருக்கும் கணுக்களுக்கும் இடையிலான செய்திகளை ஓஎல்எஸ்ஆர் என்ற பரவல் வழிநெறிமுறை சுமந்தது; தரவு ஓட்டங்களை ஓப்பன்ஃப்ளோ விதிகள் வழிநடத்தின; கன்ட்ரோலரை அடைய முடியாதபோது தரவும் ஓஎல்எஸ்ஆர் வழிகளிலேயே சென்றது. உங்களிடம் பேட்மேன்-அட்வ் ஏற்கெனவே இயங்கியிருப்பதால் அதையே இந்தப் பணிக்கு வைத்துக்கொள்ளலாம். அதே வகையைச் சேர்ந்த பேபெலும் நல்ல தேர்வுதான்.

கன்ட்ரோலரின் தொடர்பு அறுந்தால் என்ன செய்வது என்பதைத் தீர்மானிக்கும், ஓப்பன் விஸ்விட்ச்சின் ஃபெயில்-மோட் அமைப்பை உடனே பாருங்கள். அது ஸ்டாண்ட்அலோன் நிலையில் இருந்தால், தொடர்பு அறுந்த கணு சாதாரண ஸ்விட்ச்சாக மாறி பிராட்காஸ்ட் பொட்டலங்களை எல்லாத் திசைகளிலும் பரப்பத் தொடங்கும். சுழல்கள் நிறைந்த மெஷ்ஷில் அப்படி மாறிய சில கணுக்களே அலைநேரம் முழுவதையும் விழுங்கிவிடப் போதும். செக்யூர் நிலையில் வைத்தால், கணு தன்னிடம் உள்ள விதிகளோடு தொடர்ந்து இயங்கும். புதிதாக எதையும் தானே கற்றுக்கொள்ளாது. அதோடு, ஒவ்வொரு புதிய ஓட்டத்தின் முதல் பொட்டலத்தையும் கன்ட்ரோலருக்கு அனுப்பி அனுமதி கேட்கும் முறையைக் கைவிட்டு, விதிகளை முன்கூட்டியே நிறுவிவையுங்கள். கேள்வியும் பதிலும் பல தாவல்களைக் கடந்து போய்வரும் ஒரு வலையமைப்பில் அந்த முறை தாமதத்தையும் நெரிசலையும் ஒருசேரக் கூட்டுகிறது.

ஓப்பன்ஃப்ளோவின் ஃபாஸ்ட் ஃபெயில்ஓவர் குழுக்களை நம்பி மாற்று வழி அமைக்கலாம் என்று பலர் பரிந்துரைப்பார்கள். அவை ஒரு போர்ட் உயிரோடு இருக்கிறதா என்பதைப் பார்த்தே மாறுகின்றன. வயர்லெஸ் கணுவில் எல்லா அண்டைக் கணுக்களும் ஒரே போர்ட்டுக்குப் பின்னால் இருப்பதால், ஒரு அண்டைக் கணு மறைந்தாலும் போர்ட் உயிரோடுதான் இருக்கும். ஒவ்வொரு அண்டைக் கணுவுக்கும் ஒரு டனல் போர்ட் அமைத்து, பிஎஃப்டி போன்ற இணைப்புச் சோதனை நெறிமுறை ஒன்றால் அதன் உயிர்ப்பைக் கண்காணித்தால்தான் அந்த வசதி பொருளுடையதாகும். அந்தக் கண்காணிப்புப் பொட்டலங்களுக்கும் அலைநேரம் செலவாகும் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

அலைவழி

இருவருக்கும் மிக்க நன்றி. ஃபெயில்-மோட் ஸ்டாண்ட்அலோன் நிலையில்தான் இருந்தது. தொடர்பு அறுந்தபின் வலையமைப்பு முழுவதும் தேங்கிப்போவதற்கு அது விளக்கம் தருகிறது. மேலும் இரண்டு ஐயங்கள். இணைப்பின் தரத்தை இப்போது எல்எல்டிபி பொட்டலங்கள் (அண்டைக் கணுக்களைக் கண்டறிய அனுப்புபவை) எத்தனை வந்துசேர்கின்றன என்பதைக் கொண்டே கணிக்கிறோம். அலைநேரத்தை அளக்க அது போதுமா? இரண்டு கேட்வேக்களும் இருப்பதால், ஒரு பெரிய ஓட்டத்தை இரண்டாகப் பிரித்து அனுப்புவது பயன் தருமா?

மறுமொழி 3 – சேனல்வாசி

முதல் ஐயத்துக்கு: போதாது. எல்எல்டிபி மல்டிகாஸ்ட்டாக, அதாவது ஒரே நேரத்தில் பலருக்கும், செல்கிறது. வைஃபையில் மல்டிகாஸ்ட் பொட்டலங்கள் பெரும்பாலும் மிகக் குறைந்த அடிப்படை வேகத்தில், ஏற்பு உறுதியும் மறு அனுப்பலும் இல்லாமல் அனுப்பப்படுகின்றன. அந்த வேகத்தில் நன்றாகச் சேரும் பொட்டலம், தரவு செல்லும் உயர் வேகத்தில் பாதி வழியிலேயே பிழைபடலாம். ஒரு பொட்டலம் சேர எத்தனை முறை அனுப்ப வேண்டும் என்பதைக் கணிக்கும், 2003இல் வந்த இடிஎக்ஸ் அளவீட்டுக்கும் இந்தக் குறை இருந்ததால்தான், அடுத்த ஆண்டே இணைப்பின் வேகத்தையும் சேர்த்துக் கணக்கிடும் இடிடி முன்வைக்கப்பட்டது. நீங்கள் தனியாக எதையும் அனுப்பி அளக்க வேண்டிய தேவையே இல்லை; லினக்ஸின் ஐடபிள்யூ கருவியின் ஸ்டேஷன் டம்ப், ஒவ்வொரு அண்டைக் கணுவோடும் நிகழும் அனுப்பு வேகம், மறு அனுப்பல்கள், தோல்விகள் ஆகியவற்றைத் தருகிறது. சர்வே டம்ப் பல டிரைவர்களில் சேனல் எவ்வளவு நேரம் பரபரப்பாக இருந்தது என்பதைத் தருகிறது. இவற்றைக் கணுவிலேயே சராசரியாக்கி, மாற்றம் பெரிதாக இருக்கும்போது மட்டும் கன்ட்ரோலருக்கு அனுப்பினால் போதும்.

இரண்டாவது ஐயத்தில் எச்சரிக்கை தேவை. ஒரே டிசிபி ஓட்டத்தைப் பொட்டலம் பொட்டலமாக இரண்டு வழிகளில் பிரித்தால், அவை வரிசை மாறி வந்துசேரும். மூன்று நகல் ஏற்புகளைக் கண்டதும் அனுப்புநர் இழப்பு நேர்ந்ததாக எண்ணித் தன் வேகத்தைக் குறைத்துவிடக்கூடும். ஓட்டங்களை முழுமையாகவே இரண்டு கேட்வேக்களுக்கு இடையே பங்கிடுங்கள். கேட்வேக்கள் தனித்தனியே முகவரி மாற்றம் செய்பவையாக இருந்தால், நடுவில் ஓட்டத்தை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகர்த்துவது அந்த இணைப்பையே அறுத்துவிடும். எனவே கேட்வே மாற்றத்தைப் புதிய ஓட்டங்களுக்கு மட்டும் பொருத்துங்கள்.

கணுநோக்கரிடமிருந்து ஒரு புள்ளியில் மட்டும் வேறுபடுகிறேன். எல்லாக் கணுக்களும் ஒரே சேனலில் இருக்கும் என்பதை அவர் மாறாத ஒன்றாக எடுத்துக்கொண்டார். கன்ட்ரோலரின் முழுப் பார்வை உண்மையாகப் பயன்படும் இடமே அதை மாற்றுவதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கேட்வேக்களின் அருகிலுள்ள கணுக்களில் மட்டுமாவது மூன்றாவது ரேடியோ ஒன்றைச் சேர்த்து, எந்த இணைப்பு எதனோடு குறுக்கிடுகிறது என்பதைக் காட்டும் மோதல் வரைபடத்தை அளவீடுகளிலிருந்து உருவாக்கி, இரண்டு கேட்வேக்களைச் சுற்றியுள்ள பகுதிகளை வெவ்வேறு சேனல்களுக்குப் பிரித்துவிட்டால், எவ்வளவு நுட்பமாக வழி கணக்கிட்டாலும் கிடைக்காத கொள்ளளவு கிடைக்கும். இந்த முடிவு விநாடிக்கு ஒருமுறை எடுக்க வேண்டியதும் இல்லை. மணிக்கணக்கில் ஒருமுறை எடுத்தால் போதும் என்பதால், கன்ட்ரோலரின் தாமதம் இதில் தடையாகாது.

மறுமொழி 4 – கணுநோக்கர்

சேனல்வாசியின் திருத்தத்தை ஏற்கிறேன். ரேடியோ சேர்க்க வாய்ப்பு இருந்தால் முதலில் செய்ய வேண்டியது அதுதான். ரேடியோக்களின் எண்ணிக்கை மாறினாலும் மாறாவிட்டாலும், விதிகளை நிறுவும்போது கவனிக்க வேண்டியவற்றை மட்டும் சேர்க்கிறேன்.

வழி மாற்றத்தின்போது சில கணுக்களில் புதிய விதியும் சிலவற்றில் பழைய விதியும் இருக்கும் இடைவேளையில் சுழல் உருவாகலாம். ஓப்பன்ஃப்ளோவில் டிடிஎல் (பொட்டலம் இன்னும் எத்தனை தாவல் செல்லலாம் என்ற எண்) குறைப்பது விதியில் வெளிப்படையாகச் சொன்னால்தான் நடக்கும். சொல்லாவிட்டால், சுழலில் சிக்கிய பொட்டலம் விதி மாறும் வரை சுற்றிக்கொண்டே இருந்து, ஒவ்வொரு சுற்றிலும் அண்டைக் கணுக்களின் அலைநேரத்தைப் பறிக்கும். ஐபி பொட்டலங்களுக்கான விதிகளில் டிடிஎல் குறைப்பைச் சேர்த்துவிடுங்கள். புதிய வழியின் விதிகளை ஒரு புதிய விலேன் அடையாளத்தோடு (பொட்டலத்தின் தலைப்பில் இடும் எண்) முதலில் உள் கணுக்களில் நிறுவி, முந்தைய ஆணைகள் முடிந்தனவா என்று கேட்கும் பேரியர் செய்திக்கு எல்லாக் கணுக்களிடமிருந்தும் பதில் வந்தபிறகே, நுழைவுக் கணுவில் அந்த அடையாளத்தை இடத் தொடங்குங்கள். 2012இல் ரைட்பிளாட்டும் உடன் ஆய்வாளர்களும் விளக்கிய இந்த இரு கட்ட முறையில், எந்தப் பொட்டலமும் பாதி பழைய வழியிலும் பாதி புதிய வழியிலும் செல்லாது.

நீங்கள் முதுகெலும்புக்கு 802.11எஸ் இன்டர்ஃபேஸைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், அடுத்த தாவலை உண்மையில் தேர்ந்தெடுப்பது உங்கள் ஓப்பன்ஃப்ளோ விதி அல்ல; லினக்ஸ் கெர்னலுக்குள் இயங்கும் எச்டபிள்யூஎம்பி வழிநெறிமுறைதான். மெஷ்_எஃப்டபிள்யூடிங் என்ற அளவுருவைச் சுழியமாக்கி அந்தத் தானியங்கிக் கடத்தலை நிறுத்திவிட்டு, விதியிலேயே பெறுநர் மேக் முகவரியை அடுத்த கணுவின் முகவரியாக மாற்றி எழுத வேண்டும். அப்போது பொட்டலம் வந்த அதே போர்ட் வழியாகவே வெளியேறும். சாதாரண வெளியேற்ற ஆணையில் அந்தப் போர்ட் எண்ணைக் கொடுத்தால் ஓப்பன்ஃப்ளோ அதைக் கைவிட்டுவிடும் என்பதால், இன்_போர்ட் என்ற ஒதுக்கீட்டுப் போர்ட்டையே குறிப்பிட வேண்டும். மினிநெட்டில் ஒவ்வொரு இணைப்புக்கும் தனிப் போர்ட் இருப்பதால் இந்தத் தேவை அங்கே எழுந்திருக்காது. உங்கள் விதிகளில் இந்த இரண்டையும் சரிபார்த்துவிட்டு, ஓர் இடைக்கணுவின் விதிப் பட்டியலை இங்கே பதிவிடுங்கள். அதைப் பார்த்தபின் அளவீட்டுக்கான நிரலாக்கத்தைப் பற்றி மேலே பேசலாம்.